கப்டன் வாசிக்க வேண்டிய பக்கம்

அக்னெஸ் மாமிக்கு மூன்று குரல்கள்.

முதலாவது ஆஸ்பத்திரிக் குரல். மொன்றியல் ஆஸ்பத்திரி ஒன்றின் நாலாம் மாடியில் தரை துடைக்கும்போது பிரெஞ்சில் வரும். "அத்தான்ஸியோன்! ஸே முய்யே!" தரை ஈரமாம், கவனமாம். பெரிய டொக்டர்மார்கூடச் சப்பாத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடப்பார்கள்.

இரண்டாவது வீட்டுக் குரல். அது தன் தம்பிக்கு, அதாவது என் அப்பாவுக்கென்றே உண்டானது. "டேய் தேவன்! உனக்கு மூளையை வச்சவர் மூடியை வைக்க மறந்திட்டாரோ?" இந்தக் கதை நடந்தபோது அப்பாவுக்கு ஐம்பது வயது. மாமிக்கு ஐம்பத்தொன்று. அந்த ஒரு வருடத்தை வைத்து மாமி அப்பாவை வாழ்நாள் முழுதும் ஆண்டுகொண்டிருக்கிறா.

இந்த இரண்டையும் நான் கலியாண வீடுகளில் எடுத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மூன்றாவதை எடுத்ததில்லை. எடுக்கப் பார்த்திருக்கிறேன், வராது. அது ஒரு பழைய ஆங்கிலம். நூறு வருடத்துக்கு முந்திய கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வரும் ஆங்கிலம். "ரெட் ஓவர் டு ஹிம், டிஸ்டிங்க்ட்லி அண்ட் ஓடிப்ளி." அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும், தெளிவாகவும் காதில் விழும்படியும். மாமி இதைச் சொல்லும்போது கை தானாக நெஞ்சுக்கு நேரே வரும், செபம் சொல்லுவதைப்போல.

பால் வாங்கத் தெப்பனர் என்கிற மூலைக்கடைக்குப் போனாலும் மூன்று ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பேசாத மனுஷிக்கு இது எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கப்பலில் இருந்து வந்தது.

மாமியின் கணவர் கிறிஸ்தோப்பர் மாமா மன்னார்த் தீவுப் பேசாலைக்காரர். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. எழுபத்தொன்பதாம் ஆண்டு தென்னமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் செங்கமாரி என்கிற மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஊருக்குக் கடிதம் வந்தது: உங்கள் கணவர் கப்பலைவிட்டு ஓடிவிட்டார். மாமிக்கு அப்போது இருபத்துநாலு வயது, கையில் ஏழு மாதக் குழந்தை. ஊர் உடனே மிச்சக் கதையைக் கட்டி முடித்தது. "அங்கை ஒருத்தி இருக்கிறாளாம்." "அவளுக்கு நீலக் கண்ணாம்." கண்ணின் நிறம்வரை ஊருக்குத் தெரிந்திருந்தது.

மாமி பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனா. கப்பல் காரியங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் சண்முகலிங்கம் என்று ஒரு கிளார்க். அவர் மாமியை இரண்டு நாள் மர வாங்கில் இருத்திவைத்தார். மூன்றாம் நாளும் மாமி அதே வாங்கில் இருக்கவே, மனம் கேட்காமல் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இறக்கினார். வெள்ளைக்காரனின் கப்பல் சட்டம். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு.

"தங்கச்சி, கப்டன் கடலிலை ராசாதான். ஆனா அந்த ராசாவுக்கும் கட்டு இருக்கு" என்று சொல்லி அவர் விரலை வைத்துக் காட்டினாராம். அந்நியத் துறைமுகத்தில் ஒரு மாலுமியை விட்டுவிட்டுப் போவதானால் அங்கே உள்ள அதிகாரியிடம் கப்டன் எழுத்தில் அத்தாட்சி வாங்கவேண்டும். கைவிடப்பட்ட மாலுமிக்கு ஊர் திரும்பும்வரை சாப்பாடும் இடமும் கொடுக்கவேண்டும். மாலுமிகள்மேல் இருந்த பாசத்தால் எழுதியதல்ல, துறைமுகங்களில் பிச்சைக்காரர் கூடிப்போகக்கூடாது என்ற பயத்தால் எழுதியது என்பதையும் அவரே சொன்னார். அதற்கு அடுத்த பக்கங்களில்தான் அந்த வரி இருந்தது. மாலுமி தவறு செய்தான் என்று கப்டன் கப்பலின் பதிவுப் புத்தகத்தில் எழுதினால், அந்த ஆள் கப்பலில் இருக்கும்போது, அடுத்த பயணம் தொடங்கமுதல் அதை அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அவன் என்ன பதில் சொல்கிறானோ அதையும் கீழே எழுதவேண்டும்.

மாமி அந்த மூன்று பக்கங்களையும் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினா. பாதிச் சொல்லுக்குக் கருத்துத் தெரியாது. திரும்பும் ரயிலில் மனப்பாடம் செய்து முடித்துவிட்டா.

பிறகு பதினொரு மனு. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: என் கணவருக்கு வாசித்துக் காட்டினீர்களா, அவர் என்ன சொன்னார்? ஏழு மாதம் கழித்து அந்தப் பதிவுப் பக்கத்தின் பிரதி வந்தது. மேலே குற்றம், கீழே கப்டனின் கையெழுத்து. நடுவில் 'பதில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். மாமா அந்த நேரம் ஆஸ்பத்திரியில் மஞ்சள் கண்ணோடு கிடந்தார். அவர் கப்பலில் இல்லாதபடியால் வாசிக்கவேண்டிய கடமை இல்லை என்று எழுதியிருந்தார்கள். பதினாலு மாதம் கழித்து வேறொரு கப்பலின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு மாமா ஊர் வந்து சேர்ந்தார். பெயர் கெட்ட மாலுமிப் புத்தகத்தோடு ஒரு கப்பலும் அவரை எடுக்கவில்லை. ஆறு வருடம் மீன்பிடிக்கப் போனார். ஒருநாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது இருந்த இருப்பிலேயே போய்விட்டார்.

மாமி இந்தக் கதையை முடிக்கும்போது அழமாட்டா. "கடைசிவரை அந்த மனுசனிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்பா. பிறகு தேத்தண்ணி ஊற்றுவா.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு டிசம்பரில் மாமியின் நாலாம் மாடிக்கு ஒரு கப்பல்காரன் வந்து சேர்ந்தான்.

பெயர் ஜெபஸ்டின் மச்சாடோ. தூத்துக்குடிப் பெடியன், இருபத்தாறு வயது. தானியம் ஏற்ற வந்த கப்பலில் அப்பெண்டிக்ஸ் வெடிக்கிற நிலைமையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற நேரம் அவன் தமிழில் மாதாவையும் யாரோ ஒரு சமையல்காரனையும் மாறி மாறிக் கூப்பிட்டானாம். மாமி துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனா. தலையணைக்குக் கீழே கப்பல்காரருடைய சின்னப் புத்தகத்தின் மூலை தெரிந்தது.

"தம்பி, உங்கட கப்பலுக்கு எந்த நாட்டுக் கொடி?"

பெடியன் கண்ணை முழித்துப் பார்த்தான். "வலி எப்பிடி இருக்குன்னு கேப்பீயன்னு பாத்தா, கொடி என்னன்னு கேக்கீய! யாருக்கா நீங்க?"

கொடி ஒரு சின்னத் தீவினுடையது. வெள்ளைக்காரன் போகும்போது அதே சட்டத்தை அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போன தீவு. மாமி தலையை ஆட்டிக்கொண்டா. ஒரு வக்கீலுக்கு நல்ல வழக்கு வந்ததைப்போல இருந்திருக்கும். ஆனால் அப்போது வழக்கு ஒன்றும் இல்லை. புதன்கிழமை அவனுக்குத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து விடுவார்கள், இரண்டு மணிக்குக் கப்பல் ஏஜண்டின் கார் வரும், வியாழன் பின்னேரம் கப்பல் போகும். எல்லாம் ஒழுங்கு.

ஒழுங்கைக் குலைத்தது என் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நகரத்தின் மேற்கோரம் பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது மாமி அவனைப்பற்றிச் சொன்னா. இன்னும் பதினெட்டு நாள் கடலில் நின்றால் கப்பல் அதிகாரியாவதற்கான மேட் பரீட்சை எழுதத் தகுதி வந்துவிடுமாம், நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறானாம். அம்மா "பாவம் பிள்ளை" என்றா. அப்பாவுக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: ஒரு தமிழ்ப் பெடியன் கனடாவுக்குள் நிற்கிறான், வியாழக்கிழமை அவனைத் திருப்பிக் கொண்டுபோகப் போகிறார்கள்.

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. அவர் எண்பத்தாறில் நாலு நாட்டு விமான நிலையங்களில் படுத்தெழும்பி இங்கே வந்தவர். அவருடைய அகதிக் கேஸ் ஐந்து வருடம் இழுத்தது. கனடா மண்ணில் கால் வைத்த ஒருவன் தானாகத் திரும்பிப் போவான் என்பது அவருடைய தலைக்குள் போகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எழும்பி "வாறன்" என்று விடைபெற்றாலே "ஏன் இப்ப அவசரம்?" என்று கேட்கிற மனுஷன்.

புதன்கிழமை மாமிக்கு லீவு. அதுவும் அப்பாவுக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு என் தம்பியின் குளிர் ஜக்கெட்டையும் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனார்.

"தம்பி, நான் அக்னெஸ் அக்கான்ர தம்பி. வாங்கோ, வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

"ஏஜண்டு கார் வருமே, அண்ணே."

"அதெல்லாம் நான் கதைச்சுப்போட்டன்."

ஒன்றும் கதைக்கவில்லை. நேர்ஸ் கேட்டபோது "ஓங்கிள், ஓங்கிள்" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா தேங்காய்ப்பால் விட்டு வைத்த பாரை மீன் சொதியும் இடியப்பமும் நாலு மாதக் கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த நோக்குளிசையைப் போட்டான். பேஸ்மெண்டில் இருந்த சோபாவில் சரிந்தவன் அடுத்தநாள் பதினொரு மணி தாண்டியும் எழும்பவில்லை. அம்மா இரண்டு தரம் கேட்டா, "இந்தப் பிள்ளையைத் தேடமாட்டினமோ?" அப்பா, "எல்லாம் நல்லபடியா நடக்குது, நீர் பேசாமல் இரும்" என்றார். வியாழன் காலை அவர் தொலைபேசியில் பேரின்பநாதன் அங்கிளிடம் நல்ல லோயர் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பெடியனுக்கு வாழ்க்கை ஒன்று அமைத்துக் கொடுக்கிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

பதினொன்றரைக்கு மாமி வந்தா. ஆஸ்பத்திரி உடுப்பு, மேலே கோட், காலில் வார்டில் போடும் வெள்ளைச் சப்பாத்து. பனிச் சப்பாத்து மாற்றக்கூட நேரம் எடுக்கவில்லை. மெத்ரோ, பிறகு பஸ், பிறகு பஸ் தரிப்பிலிருந்து பனிக்குள் நடை. கையில் நேர்ஸ் எழுதிக் கொடுத்த துண்டு. அதில் இருந்தது இவ்வளவு: ஏஜண்ட் இரண்டுமுறை வந்து போனார். 'ஓங்கிள்' என்று ஒருவர் கூட்டிப்போன ஆளைக் காணவில்லை. கப்டன் அவன் ஓடிவிட்டதாகப் பதிந்துவிட்டார். கப்பல் நாலு மணிக்குப் போகிறது.

"டேய் தேவன்."

அது வீட்டுக் குரல் இல்லை. அப்பா போனை வைத்துவிட்டார்.

"அக்கா, கேளுங்கோ. கனடா அவன்ர காலடியிலை வந்து விழுந்திருக்கு. எத்தினை பேர் எத்தினை இலட்சம்..."

"அவன் உன்னட்டைக் கேட்டவனோ?"

"சின்னப் பெடியன் அக்கா, அவனுக்கு என்ன தெரியும்? பேந்து எனக்கு நன்றி சொல்லுவான்."

"அவன் கேட்டவனோ எண்டு கேக்கிறன்."

மாமி பேஸ்மெண்ட் படியில் இறங்கினா. நான் படித்தலைப்பில் நின்றேன். மாமி அவனை எழுப்பித் துண்டை வாசித்துக் காட்டினா. பெடியன் எழும்பி நின்றான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஓடிட்டேன்னு எழுதிட்டாவளா? அக்கா, நான் ஓடலியே. தூங்கில்லா போனேன்!" அவன் சப்பாத்தைத் தேடத் தொடங்கினான். "என் புத்தகத்துல அந்த முத்திரை விழுந்துச்சுன்னா பரீட்சைக்கு உக்கார விடமாட்டாவ. ஒரு கப்பல்லயும் ஏத்தமாட்டாவ. எங்கப்பா தோணியில சுக்கான் பிடிச்சவரு. என் மகன் மேட்டு, என் மகன் மேட்டுன்னு இப்பமே சொல்லிக்கிட்டுத் திரியுதாரு."

"சப்பாத்தைப் போடு ராசா. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

மாமி மேலே ஏறி வந்து அப்பாவைப் பார்த்தா. "வானை எடு. துறைமுகத்துக்கு."

பெடியனுக்கு ஜக்கெட் போட்டுவிட அப்பா கீழே போனார். சிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "தம்பி, கோவிக்காதையும். ஒண்டு மட்டும் கும்பிட்டுக் கேக்கிறன். என்ர பேர் வரக்கூடாது. ஆளை ஒளிச்சு வச்சவன் எண்டு இமிகிரேஷன் பிடிச்சால் என்ர குடும்பமே துலைஞ்சுது."

"உங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன் அண்ணே. சொல்லமாட்டேன்."

பிறகு நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார், மாமி ஒரே தடவை. அப்பா சொன்னதில் கூட்டியதைக் கழித்து, மாமி சொன்னதில் குறைத்ததைச் சேர்த்து எழுதுகிறேன்.

நாற்பதாம் நெடுஞ்சாலை பனியில் ஊர்ந்தது. முன்சீட்டில் மாமி, பின்னால் பெடியன். மாமி திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தாவாம். "கப்டன் எழுதினதை அழிக்க ஏலாது. மையிலை எழுதினது எழுதினதுதான். ஆனா நீ திரும்பி வந்திட்டாய். கப்பல் இன்னும் போகேல்லை. அப்ப அவர் அதை உனக்கு வாசிச்சே ஆகவேணும். வாசிக்கேக்கை நீ குனியாதை. முடிஞ்ச உடனை உள்ளதைச் சொல்லு. நீ சொல்லுறது கீழை ஏறும். பிறகு அந்தப் பக்கத்தை ஆர் திறந்து பாத்தாலும் உன்ர சொல்லும் அங்கை இருக்கும்."

"நான் சொல்றத அவரு எழுதுவாரா அக்கா? கப்டன்லா!"

"எழுதத்தான் வேணும்."

நொத்ர் டாம் வீதிப் பக்கத்துத் துறைமுக வாசலில் ஒரு சின்னக் காவல் அறை. உள்ளே ஒரு இளம் காவலாளி கிளமன்டைன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"மதாம், ஸே பா பொஸிப்ல்." முடியாதாம். பெடியனின் பெயர் கப்பல் பட்டியலில் வெட்டப்பட்டிருந்தது. மாமியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"கப்பலுக்கு ஒரு டெலிஃபோன் எடு" என்றா மாமி, தரை துடைக்கிற பிரெஞ்சில். அந்தக் குரலுக்கு டொக்டர்மாரே சுவரோரம் போகும்போது அவன் என்ன செய்வான்? எடுத்தான். கப்டன் வந்தார். போலந்துக்காரர். கதைத்துக் களைத்துப்போன குரல்.

"மேடம், அந்த ஆள் இனி என் கப்பலில் இல்லை. குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவித்துவிட்டோம். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் பயணம்."

"ஆள் ஓடேல்லை கப்டன், இஞ்சை வாசலிலை நிக்கிறான்" என்றா மாமி. அப்போதுதான் மூன்றாவது குரலை எடுத்தா.

கை நெஞ்சுக்கு நேரே போனது. கண் காவல் அறைச் சுவரில் எங்கேயோ நின்றது. இருபத்தேழு வருடத்துக்கு முன் ஒரு வாங்கில் இருந்து பார்த்தெழுதிய அத்தனை வரியும், காற்புள்ளி விடாமல், ஒரு சொல் தட்டாமல் வந்தது. குற்றம் பதியப்படவேண்டும். கப்பல் துறைமுகத்தை விட்டுப் போகமுதல் அதன் பிரதி அவனுக்குக் கொடுக்கப்படவேண்டும். அவனுக்குத் தெளிவாகவும் காதில் விழும்படியும் வாசிக்கப்படவேண்டும். அவன் தனக்குச் சரியெனப் பட்ட பதிலைச் சொல்லலாம். அந்தப் பதிலும் பதியப்பட்டுக் கையெழுத்து வைக்கப்படவேண்டும். காவலாளி பழத்தை உரிப்பதை நிறுத்திவிட்டான். அப்பா வாசலுக்கு வெளியே வானில் எஞ்சினை நிற்பாட்டாமல் இருந்தவர், கண்ணாடியை இறக்கினார்.

மறுமுனையில் கதவு ஒன்றை மூடும் சத்தம் கேட்டது.

"மேடம், இது உங்களுக்கு எங்கே கிடைத்தது?"

"அது உங்கட புத்தகம், கப்டன். உங்கட கொடிக்குரிய புத்தகம்" என்றா மாமி, தெரிந்த ஆங்கிலத்தைப் பொறுக்கிச் சேர்த்து.

"முப்பத்தொரு வருடம் கடலில் இருக்கிறேன்" என்றார் கப்டன். "வாசித்துக் காட்டு என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை." பிறகு, "பதினைந்து நிமிடம் தாருங்கள்."

கப்பலுக்கும் வாசலுக்கும் நடுவே நல்ல தூரம். பனி சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. தானியக் கோபுரங்களுக்குக் கீழே இரண்டு புள்ளிகள் தெரிந்தன. கிட்ட வரவர ஒன்று கப்டன், மற்றது மேட். அப்பா கப்டன் என்றால் ஆறடி ஆள், தாடி என்று நினைத்திருந்தார். வந்தவர் மெலிந்த, கிழண்டின மனிதர், கண்ணாடியை நூலால் கழுத்தில் கட்டியிருந்தார். நனையாமல் இருக்க, சாமான் வாங்கும் பிளாஸ்ரிக் பையில் சுற்றிய ஒரு பெரிய புத்தகத்தைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வந்தார். நூறு ஆண்டுக்கு முன் செத்துப்போன யாரோ எழுதின ஒரு வரிக்காக, ஒரு பெரிய கப்பலின் கப்டன் பனிக்குள் நடந்து வருகிறார். "எனக்கு அந்த நேரம் மயிர் கூச்செறிஞ்சுபோச்சு" என்பார் அப்பா. இதில் அவர் கூட்டவில்லை என்று நினைக்கிறேன்.

காவல் அறை மேசையில் தோடம்பழத் தோலை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தை வைத்தார்கள். கப்டன் தொப்பியைக் கழற்றினார். பெடியன் நேராக நின்றான்.

கப்டன் வாசித்தார். திகதி, நேரம், துறைமுகம் மொன்றியல். மாலுமி ஜெபஸ்டின் மச்சாடோ ஆஸ்பத்திரியிலிருந்து அனுமதியின்றிச் சென்று தலைமறைவானார். கப்பலைக் கைவிட்டதாகக் கருதப்படுகிறார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, காதில் விழும்படி. மாமி வாசிக்கிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"உன் பதில் என்ன?"

பெடியன் வாயைத் திறந்தான். கண் ஒருமுறை கண்ணாடி யன்னலுக்கு வெளியே அப்பா இருந்த வான் பக்கம் போய்த் திரும்பியது.

"நோ ரிப்ளை, சார்."

மாமி மேசை விளிம்பைப் பிடித்தா. "தம்பி..." என்று தொடங்கியவ நிறுத்திக்கொண்டா. பதில் அவனுடையது, அதில் இன்னொருவர் சொல் சேர்க்கமுடியாது. அதுவும் அந்தச் சட்டந்தான். கப்டன் பேனாவைத் திறந்து 'பதில்' என்று எழுதினார். பக்கத்தில் கோடு போடுவதற்காகப் பேனா கீழே இறங்கியது. மாமி பிறகு சொன்னா, "கிறிஸ்தோப்பரின்ர பக்கத்திலை இருந்த அதே கோடு. என்ர கண்ணுக்கு முன்னாலை விழப்போகுது."

வான் கதவு அடிபட்ட சத்தம் கேட்டது. அப்பா தொப்பியில்லாமல் ஓடி வந்து காவல் அறைக்குள் தலையை நீட்டினார்.

கண்ணாடிக்கூடாக அவர் பார்த்தது பெடியனையும் இல்லை, கப்டனையும் இல்லை. மாமியின் கையை. "அக்கா மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை" என்பார்.

"தம்பி! சொல்லு! என்ர பேரைச் சொல்லு!"

"அண்ணே, நீங்கதானே சொல்லக்கூடாதுன்னு..."

"நான் விசரன். சொல்லு." பிறகு கப்டனைப் பார்த்து, நாலு விமான நிலையங்களில் கற்ற ஆங்கிலத்தில், "சேர், மை நேம் இஸ் தேவதாசன். ஐ டேக் ஹிம். ஹி நாட் ரன்னிங். ஹி ஈட்டிங்!"

மேட் இருமுவதைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கப்டன் சிரிக்கவில்லை. "இந்த மனிதருடைய பதிலை நான் பதியமுடியாது. மாலுமியின் பதில் மட்டுந்தான்" என்றார். பேனா அந்தரத்தில் நின்றது. "மச்சாடோ, உனக்குப் பதில் இருக்கிறதா?"

"இருக்கு சார்."

சொன்னான். கப்டன் எழுதினார். நான் ஓடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன். காருக்குச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். மருந்து குடித்துத் தூங்கிவிட்டேன். கூட்டிக்கொண்டு போனவர் பெயர் தேவதாசன். நான் இங்கே தங்கினால் எனக்கு நல்லது என்று அவர் நினைத்தார், கெட்ட எண்ணம் இல்லை. எனக்குக் கப்பலில் போகவேண்டும். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

என்ன சாப்பிட்டாய் என்று கப்டன் கேட்டார். ஆள் உண்மையில் சாப்பிடப் போனானா என்று பார்க்கக் கேட்டதாக இருக்கலாம். பெடியன் "சொதி" என்றான். கப்டன் 'மீன் சூப்' என்று எழுதினார்.

"அது சூப் இல்லை" என்றா மாமி. அவ்வளவு நேரத்துக்குள் சட்டத்தை மீறிச் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

கப்டன் கையெழுத்து வைத்தார், மேட் வைத்தார், பெடியன் வைத்தான். புத்தகத்தை மூடப்போன நேரம் மாமி கையை நீட்டினா.

"கப்டன், அந்தப் பதிலையும் ஒருக்கா வாசிப்பீங்களோ?"

"மேடம், பதிலை வாசிக்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை."

"தெரியும். அது எனக்குக் கேக்கவேணும்."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். எதற்கென்று கேட்கவில்லை. கழற்றின கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, குற்றத்தை வாசித்த அதே குரலில் பதிலையும் வாசித்தார். தெளிவாக, காதில் விழும்படி. நான் ஓடவில்லை என்பதிலிருந்து பதினெட்டு நாள்வரை. மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றாவாம். காவலாளி ஏனென்று தெரியாமலே தானும் எழும்பி நின்றானாம்.

பிறகு கப்டன் கீழே இரண்டு வரி எழுதினார்: மாலுமி திரும்பிவிட்டார், விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது, மேலுள்ள குற்றம் நிலைக்காது. மேட் குடிவரவு அதிகாரிகளுக்குப் போன் எடுத்து ஆள் திரும்பிவிட்டதைச் சொன்னார். காவலாளியின் ஃபக்ஸ் மெஷினில் இரண்டு பிரதி எடுத்தார்கள். சட்டப்படி ஒன்று மாலுமிக்கு. மற்றதை மாமி கேட்கவில்லை, கப்டனே மடித்துக் கொடுத்தார். பெடியன் குனிந்து மாமியின் காலைத் தொடப்போய், தையல் இழுத்து "ஆ" என்று பாதியில் நின்றான். "நிமிர்ந்து போ ராசா" என்றா மாமி. கப்டன், மேட், பெடியன் மூவரும் பனிக்குள் நடந்தார்கள். தம்பியின் ஜக்கெட்டும் அவனோடு போய்விட்டது.

நாலு மணிக்குக் கப்பல் போனதா என்று பார்க்க மாமியும் அப்பாவும் நிற்கவில்லை. மாமிக்கு நாலரைக்கு மிச்ச வேலை இருந்தது. அப்பா ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்.

ஒரு வாரம் அப்பா கதவு மணி அடித்தாலே குளியலறைக்குள் போனார். ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம் கோயிலில் ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கினார். "கப்பல் புத்தகத்திலை என்ர பேர் இருக்கு, தெரியுமோ? கப்டன் தன்ர கையாலை எழுதினது." இப்போது லவாலில் இருந்து வருகிற தூரத்துச் சொந்தக்காரருக்கும் கதை தெரியும். அவர் சொல்லும்போது கப்டன் வருடா வருடம் உயரமாகிக்கொண்டு போகிறார்.

தை மாதம் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஜெபஸ்டின். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து. மாமி எடுத்தா. இரைந்த காற்றுக்கு மேலே அவன் கத்தியது மேசைவரை கேட்டது.

"அக்கா, பதினெட்டும் முடிஞ்சிட்டு! அதுக்கு மேலேயும் ஒம்பது நாளு. இன்னைக்கு இறங்குதேன்."

"காயம் எப்பிடி?" என்று கேட்பா என்று பார்த்தேன். "ஜக்கெட் எங்கை?" என்று கேட்பா என்று தம்பி பார்த்தான்.

"உன்ர சின்னப் புத்தகத்திலை என்ன எழுதிக் கிடக்கு?" என்றா மாமி.

"நல்லாத்தான் எழுதியிருக்காவ அக்கா."

"அப்பிடிச் சொல்லாதை. திறந்து வாசி."

அவன் புத்தகத்தை எடுக்கப் போனான். மாமி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போடச் சொன்னா. அம்மா அகப்பையோடு நின்றா. அப்பா இடியப்பத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார்.

"நடத்தை, வெரி குட். வேலைத் திறமை, வெரி குட்."

"இன்னொருக்கா" என்றா மாமி. "ஆறுதலாய், தெளிவாய். இஞ்சை எல்லாருக்கும் கேக்கவேணும்."